வௌவாலும் மாமரமும்

காட்டில் வாழும் பிராணியின் நோய் நாட்டில் வாழும் மனிதனை வந்தடைவது எங்ஙனம்? மலேசியாவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இதற்கு விடை தருகிறது.

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ நகரை அடுத்த பன்றிப் பண்ணைகளில் உழைத்தோருக்கு ஒரு காய்ச்சல் கண்டது. அது மூளையைத் தாக்கிற்று. பலர் நினைவிழந்து மாண்டனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசுவுக்கு மருந்து தெளித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் அடங்கவில்லை. 1999 மார்ச்சில் சுவா காவ் பிங் என்ற மலேசிய மருத்துவர், இதற்குக் காரணம் புதியதொரு வைரஸ் என்று கண்டறிந்தார். சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. மலேசியாவில் மாண்டோர் 105 பேர். பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

இவ்வைரஸ் பழந்தின்னி வௌவாலின் உடலில் அதற்குத் தீங்கு செய்யாமல் வாழ்வது. அது பன்றியிடம் வந்தது எப்படி? கொட்டிலின் ஓரத்தில் மாமரம் வைத்தவன் மனிதன். பன்றியாலும் வருவாய், பழத்தாலும் வருவாய் என்பது அவன் கணக்கு. வௌவால் கடித்துப் போட்ட கனி கொட்டிலில் விழ, பன்றி அதைத் தின்றது. நெருக்கி அடைத்திருந்த பன்றிகளிடையே நோய் விரைந்து பரவிற்று. விலைக்கு விற்ற பன்றிகளோடு தெற்கேயும் சென்றது.

2001-இல் வங்கதேசத்திலும் இந்நோய் தோன்றிற்று. அங்கே இடையில் பன்றி இல்லை. குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவி, கலயம் கட்டி, இரவெல்லாம் வடியும் சாற்றைக் காலையில் பச்சையாகவே பருகுவது அந்நாட்டு வழக்கம். இரவில் வௌவாலும் அதை நக்க வருகிறது. அதன் எச்சிலும் சிறுநீரும் சாற்றில் கலக்கின்றன. சீவிய இடத்தையும் கலயத்தையும் மூங்கில் தட்டியால் மறைத்துவிட்டால் வௌவாலின் வாய் அங்கே எட்டுவதில்லை என்பதை ஆராய்ச்சியாளர்கள் இரவில் காமிரா வைத்துக் கண்டார்கள். சாற்றைக் கொதிக்க வைத்தாலும் வைரஸ் அழிந்துபோகும்.

வௌவால்களைக் கொன்றொழித்தால் பயம் தீரும் என்று சொல்வோர் உண்டு. நான் அதற்கு உடன்படேன். மகரந்தம் சேர்த்தும் விதை பரப்பியும் காட்டை வளர்ப்பவை அவை. காட்டை நாம் அழித்தால், இரை தேடி நம் தோட்டத்துக்குத்தான் அவை வரும். கொட்டிலருகே மரம் வைத்ததும், கலயத்தைத் திறந்து வைத்ததும் நம் செயல்கள். ஆகவே அவற்றைத் திருத்திக்கொள்வதும் நம்மால் ஆகக்கூடியதே. மரத்தைச் சற்றுத் தள்ளி நடலாம். கலயத்தின்மீது ஒரு மூங்கில் தட்டியைக் கட்டலாம். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை.