ஊசி மட்டும் வைத்தியம் அல்ல
(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

லண்டனில் அக்குபங்சர் வைத்தியம் செய்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

என்னிடம் வரும் எம்மவர்கள் முதலில் கேட்பது, "தம்பி, இந்த நாரி நோவுக்கு எங்கை குத்துவியள்?" என்பதுதான். நான் உடனே ஊசியை எடுப்பதில்லை. "அம்மா, இரவிலை நித்திரை வருதோ? பசிக்குதோ? மனதிலை என்ன யோசனை?" என்று கேட்பேன். நாக்கைப் பார்ப்பேன். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பேன். நாரி நோவுக்கு நாக்கு ஏன் என்று சிலர் சிரிப்பினம். ஆனால் சீன வைத்தியத்தின் அத்திவாரமே அதுதான். அது நோவைத் தனியாகப் பார்ப்பதில்லை; நோவுள்ள ஆளைப் பார்க்கிறது.

'மஞ்சள் பேரரசரின் உள்மருத்துவம்' என்பது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான சீன நூல். அந்த மரபின்படி, 'சீ' என்னும் உயிர்ச்சக்தி 12 பிரதான பாதைகளில் உடம்பெங்கும் ஓடுகிறது. அது தடைப்பட்டால் வருத்தம். துக்கம் நுரையீரலையும், பயம் சிறுநீரகத்தையும், ஓயாத யோசனை மண்ணீரலையும் தாக்கும் என்பார்கள். வாதம், பித்தம், கபம் என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதினமான கதை அல்ல.

போரிலே பிள்ளையைப் பறிகொடுத்த தாய், "நெஞ்சு இறுகுது தம்பி" என்பா. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வரும். அதற்காக அந்த நோ பொய்யா? இல்லவே இல்லை.

இனி, விஞ்ஞானம் என்ன சொல்கிறது? சத்திரசிகிச்சைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்தாலும் வரும் சத்திக்கு இது பயன் தருகிறது என்று 1997 இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர் குழு ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2021 இல் வெளியிட்ட நாட்பட்ட நோவுக்கான வழிகாட்டியிலும் இதற்கு இடம் உண்டு. ஆனால் 'சீ' ஓடும் பாதையை எந்தக் கருவியும் கண்டதில்லை. புள்ளி தவறிக் குத்தினாலும் ஓரளவு சுகம் வருவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இதையும் மறைக்காமல் சொல்வது என் கடமை.

ஆகவே சில விஷயங்களைக் கவனத்தில் வைத்திருங்கோ. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் எடுக்கும் குளிசைகளை ஊசியை நம்பி நிறுத்தாதேங்கோ. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணித் தாய்மாரும் முதலே அதைச் சொல்ல வேண்டும். ஒருமுறை மட்டும் பாவித்து எறியும் புது ஊசிதானா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் தாய்மார் பலர் டொக்டரிடம் போகும்போது பிள்ளையைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறார்கள். பிள்ளைக்கு முன்னாலே எந்தத் தாய் தன் பயத்தைச் சொல்லுவா? "நாரி நோகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவா. இந்நாட்டுச் சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் காசில்லாமல் கேட்டுப் பெறலாம். கேளுங்கள். நித்திரை இல்லாததையும், கெட்ட கனவையும், அழுகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முழு ஆளையும் பார்க்கும் வைத்தியம் வேண்டுமென்றால், நாங்களும் முழுக்கதையையும் சொல்ல வேண்டும்.