தேயிலைப் பெட்டியில் ஒரு கணனி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

வாலிபரும் விஞ்ஞானமும் என்ற பொருள் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய விஷயங்களைப் பேசும் தகுதி எனக்கில்லை. என் கையால் செய்த சிறிய பொருள் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். அதைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

மேசைமீதுள்ள இந்தப் பெட்டியைப் பாருங்கள். முன்பு நமது தேயிலையை அடைத்துக் கப்பலேற்றிய மரப்பெட்டியின் பலகையால் ஆனது. மூடியைத் திறந்தால் மேலே நான்கு வரி எழுத்துக் காட்டும் சிறு திரை; கீழே பழைய கணனி ஒன்றிலிருந்து எடுத்த விசைப்பலகை. ஆம், இதுவும் ஒரு மடிக்கணனிதான். இதில் சினிமாப் பார்க்க முடியாது. கணக்குப் போடும், நான் எழுதிக்கொடுத்த கட்டளைகளை வரிசை தவறாமல் நிறைவேற்றும். அவ்வளவே. "இதற்கா இத்தனை மாதப் பிரயாசை?" என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி.

இதன் மூளை இசட்-80 என்னும் செயலி. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸைலாக் கம்பெனி வெளியிட்டது. அதை வகுத்தவர்களில் தலையாயவர் ஃபெடரிக்கோ ஃபகின் என்னும் இத்தாலியர். 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற 'தூக்கிச் செல்லும் கணனி'க்கும் இதுவே மூளை. அதன் பாரம் சுமார் 11 கிலோ. கொழுந்துக் கூடை சுமக்கும் நமது தாய்மார்களுக்கு அது பெரிதல்ல. ஆனால் மடியில் வைக்க முடியாது! 48 ஆண்டுகள் உலகுக்கு உழைத்த இந்தச் செயலியின் உற்பத்தியை நிறுத்துவதாக 2024இல் அறிவித்தார்கள்.

பழையதை ஏன் தேடினேன்? இன்றைய கைத்தொலைபேசியின் செயலிக்குள்ளே பல நூறு கோடி ட்ரான்சிஸ்டர்கள். ஒரு மனிதன் தனியே அதை முழுவதும் அறிய முடியாது. இசட்-80க்குள் இருப்பவை சுமார் 8,500. பொறுமை இருந்தால் அதன் ஒவ்வோர் அசைவையும் நாம் பின்தொடரலாம்.

அது வேலை செய்யும் விதத்தை நமது தோட்டத்து உதாரணத்தாலேயே சொல்கிறேன். நீண்ட லயம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதில் 65,536 காம்பராக்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம்; ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சீட்டு. செயலி 16 கம்பிகளால் ஒரு காம்பராவின் இலக்கத்தை அழைக்கும், உள்ளேயிருக்கும் சீட்டை 8 கம்பிகளால் வாங்கிப் படிக்கும், எழுதியிருப்பதைச் செய்யும், அடுத்த இலக்கத்தை அழைக்கும். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதைப் போலத்தான். கணனியின் மாயமெல்லாம் இந்த அழைப்புத்தான், நண்பர்களே.

சீட்டுகளிலெல்லாம் பூச்சியம் என்று எழுதினால், "ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ" என்று அர்த்தம். ஆகவே முதலில் 8 கம்பிகளையும் பூச்சியத்தில் கட்டி, இலக்கக் கம்பிகளில் சிறு விளக்குகளை மாட்டிவிட்டால், விளக்குகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகவேண்டும். இதுவே முதற் பரீட்சை.

என் பெட்டி அதிலேயே தோற்றது. விளக்குகள் சிறிது ஓடும்; நின்றுவிடும். கையை அருகே கொண்டுபோனால் மறுபடி ஓடும். மூன்று வாரம் கம்பிகளைக் கழற்றி மாட்டினேன். மனம் சலித்து, எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போடத் துணிந்தேன்.

என் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் 30 ஆண்டுகள் வேலை செய்தவர். அரைக்கும் யந்திரத்துக்கு எண்ணெய் விட்டவர். ஆனால் யந்திரத்தின் மூடியைத் திறக்க அவருக்கு அனுமதி இருந்ததில்லை. நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் இரவு சொன்னார்: "தம்பி, பெல்ட்டைப் போடுறதுக்கு முந்தி சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்திப் பார்ப்போம். எங்க இடிக்குதுன்னு அப்பதான் தெரியும். உன் மெஷினை அப்படிச் சுத்த முடியாதா?"

முடியும்! என்னிடமிருந்தது சிமோஸ் முறையில் செய்யப்பட்ட பிற்காலத்து இசட்-80. அதன் நாடித் துடிப்பை நிறுத்தினாலும் நினைவு தவறாது. துடிப்புச் சுற்றைக் கழற்றிவிட்டு ஒரு பொத்தானை வைத்தேன். ஒரு முறை அழுத்தினால் ஒரு துடிப்பு. 4 துடிப்புக்கு ஒரு காம்பரா. அப்பா அழுத்தினார், நான் விளக்குகளை வாசித்தேன். ஓரிடத்தில் இலக்கம் நகர மறுத்தது. அழுத்த அழுத்த அங்கேயே நின்றது.

செயலிக்கு 40 கால்கள். 24ஆவது காலின் பெயர் 'காத்திரு'. மெதுவான நினைவகம் ஒன்று, "சற்றுப் பொறு" என்று சொல்ல அந்தக் கால். யாரும் அப்படிச் சொல்லவில்லை என்றால் அதை 5 வோல்ட்டுடன் கட்டிவிட வேண்டும். நான் கட்டாமல் அந்தரத்தில் விட்டிருந்தேன். காற்றில் வந்த சலனத்தையெல்லாம் கட்டளையென்று எண்ணி அது காத்திருந்தது. ஒரு சிறு தடை வைத்து அதை 5 வோல்ட்டுடன் இணைத்தேன். விளக்குகள் ஓடின; பிறகு நிற்கவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'காத்திரு' என்று எவரும் சொல்லாமலே நம்மில் எத்தனை பேர் காத்திருக்கிறோம்! "இதெல்லாம் நமக்கு வராது, கொழும்பிலே படித்தவர்களுக்குத்தான்" என்று நாமே நின்றுவிடுகிறோம். 1923இல் கொழும்பிலே எட்வர்ட் ஹார்ப்பரும் தந்தி இலாகாப் பொறியியலாளரும், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிச் சாமான்களைக் கொண்டே இலங்கையின் முதல் ஒலிபரப்பைச் செய்தார்கள். புதுச் சாமான் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 30 பேர் ஒருவர் வீட்டுக் கார்க் கொட்டகையில் கூடி, கணனி செய்யும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக். அடுத்த ஆண்டே, மலிவாகக் கிடைத்த 6502 என்னும் செயலியைக் கொண்டு 'ஆப்பிள் 1' கணனியைச் செய்தார். தான் வரைந்த படத்தை ஒளிக்காமல் சங்கத்தாருக்குக் கொடுத்தார். அதுவும் நமது சங்கம் போன்றதொரு சங்கமே.

பெட்டி முடிந்த அன்று ஒரு சங்கடம். இந்தத் திரையில் தமிழ் எழுத்து இல்லை. ஆனால் நாமே புள்ளி வைத்து 8 உருவங்கள் வரைந்துகொள்ள அது இடந்தருகிறது. 'அ'வுக்கு இரண்டு, 'ப்'புக்கு ஒன்று, 'ப'வுக்கு ஒன்று, அரவுக்கு ஒன்று, ஆக ஐந்து போதும். "அப்பா" என்று எழுதினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "மூடியைத் திற, உள்ளே பார்க்கணும்" என்றார்.

அன்பர்களே, ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நமது வாசிகசாலையின் ஒரு மூலையில் ஒரு மேசை போடுங்கள். பற்றவைக்கும் கோல் ஒன்று, அளக்கும் மீற்றர் ஒன்று, பழுதாகி எறிந்த நாலைந்து கருவிகள், இவை போதும். நமது தம்பி தங்கையர் பயமின்றி மூடியைத் திறந்து பார்க்கட்டும். இந்தப் பெட்டியை அந்த மேசைக்கு முதற் காணிக்கையாக இன்றே வைத்துவிட்டுப் போகிறேன். பொத்தானை நான் இன்னும் கழற்றவில்லை.