ஏறும் நீரும் இறங்கும் நீரும்



மட்டாஞ்சேரியின் பழைய கட்டடங்கள் பலவற்றில் கீழே கிடங்கு, மேலே குடித்தனம். எங்கள் வீடும் அத்தகையதே. கீழே ஒரு வியாபாரியின் மிளகு மூட்டைகள். மேலே, மரப்பலகைத் தளத்தின்மீது என் குடும்பமும், சுவரோரமாக இருநூறு லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடி மீன்தொட்டியும். வேலை நிமித்தம் பிற மாநிலங்களில் வாடகை வீட்டில் வாழும் நம்மவருக்கு இது ஏற்ற பொழுதுபோக்கு. நாய் வளர்க்க இசையாத வீட்டுக்காரரும் மீனுக்கு மறுப்புச் சொல்வதில்லை. அந்த இசைவை ஒரே இரவில் நான் இழக்க இருந்தேன். காரணம் ஒரு குழாயின் அகலம்.

தொட்டியின் அமைப்பு எளியது. பெரிய தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், நாற்பது லிட்டர் கொள்ளும் இன்னொரு தொட்டி. மேல்தொட்டியில் நிரம்பி வழியும் நீர் ஒரு குழாய் வழியே இறங்கி, பஞ்சையும் நுண்துளைக் கற்களையும் கடக்கிறது. அக்கற்களில் குடியேறிய நுண்ணுயிர்கள், மீன்கள் வெளியிடும் அம்மோனியா என்னும் நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தூய்மையான நீரைச் சிறு பம்பு மீண்டும் மேலேற்றுகிறது. ஒரு மணி நேரத்தில் தொட்டி நீர் முழுவதும் நான்கு முறை சுற்றி வந்தால் போதும் என்பது வழக்கமான கணக்கு. இருநூறு லிட்டருக்கு மணிக்கு எண்ணூறு லிட்டர்.

எனக்கு அது போதவில்லை. நான் வளர்ப்பது ‘மிஸ் கேரளா’ எனப்படும் மீன். மேற்குத் தொடர்ச்சி மலையின் விரைந்தோடும் ஆறுகளுக்கு உரியது. கொச்சியில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே 1865-இல் இதனை விவரித்து, அன்றைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். இன்று அது அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆற்று மீனுக்கு ஆற்றோட்டம் வேண்டுமென்று எண்ணி, இருமடங்கு ஆற்றலுள்ள பம்பை வாங்கிப் பொருத்தினேன். இறங்கு குழாயை மாற்ற வேண்டுமென்று தோன்றவில்லை.

நள்ளிரவில் அக்குழாயின் வாயில் சிறிது பாசி படிந்தது. பழைய பம்புக்கு அது ஒரு பொருட்டாக இருந்திராது. புதிய பம்போ கீழிருந்த நீரையெல்லாம் மேலே தள்ளிற்று. தொட்டி விளிம்பு கடந்து வழிந்தது. பின்னர் நீரின்றி வறண்டு ஓடிப் பம்பும் கருகியது. விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் திறந்து தவித்தன. கீழே ஒரு மிளகு மூட்டை நனைந்திருந்தது. நனைந்த மிளகு பூஞ்சணம் பிடிக்கும்; அதன் விலையை நான் கொடுத்தேன். குஜராத்தியரான அவ்வியாபாரி சினம் கொள்ளவில்லை. “மேலே கொண்டுபோன தண்ணீருக்குக் கீழே வர வழி வைக்கவில்லையா, சார்?” என்று மலையாளத்தில் கேட்டார். எந்தப் பொறியியல் நூலும் இதைவிடச் சுருக்கமாகக் கேட்டிருக்க முடியாது.

ஏறும் நீரைப் பம்பு தள்ளுகிறது. இறங்கும் நீரைத் தள்ள எவருமில்லை. தன் எடையே அதற்குத் துணை. மேலும் அது காற்றையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு இறங்குவதால், குழாயின் அகலம் முழுவதும் நீருக்குக் கிடைப்பதில்லை. ஆகையால் இறங்கு குழாய் ஏறு குழாயினும் பெரிதாகவே இருத்தல் வேண்டும். பம்பைப் பெரிதாக்குமுன் அதைப் பெரிதாக்க வேண்டும்.

அதற்காக ஏறு குழாயை ஒடுக்கிவிடலாகாது. கடைக்காரர் பெரும்பாலும் பன்னிரண்டு மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள நெகிழ்குழாயை எடுத்துக் கொடுப்பார். அதில் மணிக்கு எண்ணூறு லிட்டர் செல்ல வேண்டுமானால், மூன்று மீட்டர் நீளத்தில் உராய்வு மட்டுமே ஒரு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திற்கு நீரைத் தூக்கும் உழைப்பை உண்டுவிடும். உள்விட்டம் இருபது மில்லிமீட்டரானால் அவ்விழப்பு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டரே. விட்டம் பாதியானால் உராய்வு இருமடங்கன்று, ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்கு. ஒடுங்கிய குழாயில் ஒவ்வொரு எல்போவும் மேலும் அரையடி உயரத்தைத் தின்னும். பம்பின் பெட்டியில் அச்சிட்டிருப்பதோ உயரமே இல்லாதபோது கிடைக்கும் அளவு.

இன்னொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. கடையில் ‘அரை அங்குலம்’ என்று கேட்டால் தரும் பி.வி.சி. குழாயில் 20 மி.மீ. என்று பொறித்திருக்கும். அது வெளிவிட்டம். சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் கனமானால் உள்ளே பதினேழுதான். அலுவலகத்தில் இத்தகைய அளவைப் ‘பெயரளவு விட்டம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறேன். அச்சொல் அவ்வளவு உண்மையானது என்பது அன்றுதான் விளங்கிற்று. அளவுகோலைக் குழாயின் வாய்க்குள் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மின்சாரம் நின்றால் என்ன நேரும் என்பதையும் கணக்கிட்டாக வேண்டும். பம்பு நின்றவுடன், நீரில் அமிழ்ந்திருக்கும் ஏறு குழாயின் முனை வழியே நீர் தானே பின்னோக்கி இறங்கும். என் தொட்டி தொண்ணூறு சென்டிமீட்டர் நீளமும் நாற்பத்தைந்து அகலமும் உடையது. ஒரு சென்டிமீட்டர் ஆழம் நான்கு லிட்டர். முனை பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் நாற்பது லிட்டர் கீழே வரும். கீழ்த்தொட்டி முழுவதும் காலியாக இருந்தால்தான் அது தாங்கும். ஆதலால் நீர்மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே ஏறு குழாயில் சிறு துளையிட வேண்டும். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். துளையில் பாசி அடையாதவாறு வாரமொரு முறை ஊசியால் குத்திவிடுகிறேன். மறுபக்கக் கணக்கும் உண்டு: பம்பு இழுக்கக்கூடிய நீர் முழுவதும் மேலே போனாலும் விளிம்புக்குள் அடங்க வேண்டும். என் தொட்டியில் விளிம்புக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர்தான் வெற்றிடம். அதாவது பன்னிரண்டு லிட்டர். அன்றிரவு மேலே போனது இருபத்தைந்து.

இப்போது பம்பு மணிக்கு எண்ணூறு லிட்டருக்கானது. ஏறு குழாய் 25 மி.மீ., இறங்கு குழாய் 40. கீழ்த்தொட்டியில் பம்பை ஒரு தட்டின்மேல் உயர்த்தி வைத்திருக்கிறேன். பத்து லிட்டருக்குமேல் அதனால் இழுக்க முடியாது. சென்ற வாரம் மின்சாரம் நின்றபோது விளக்கேற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். எட்டு லிட்டர் இறங்கி, ஓட்டம் தானே நின்றிருந்தது. கீழே கிடங்கில் மிளகு மணம் மட்டுமே.