முதல் பஸ் சொன்ன பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



என்னை அறிமுகப்படுத்திய நண்பர், 'நிறுவன நடத்தையியல் பேராசிரியர்' என்றார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்பு, "அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டார். நாலு பேர் கூடி வேலை செய்யும்போது ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கும் படிப்பு, அவ்வளவுதான். "இதுக்கா இத்தனை வருசம் படிச்ச? நம்ம கண்மாய்க் கரையில நின்னாலே தெரியுமே" என்றார். உண்மைதான். வ. புதுப்பட்டியில் நீர்பாய்ச்சி மடை திறக்கும்போது பின்னால் நின்று மேற்பார்வை பார்க்க ஆள் கிடையாது. யார் வயலுக்கு எப்போது முறை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் வேலை நடந்தது.

இதைப் பார்த்து வளர்ந்த நானே என் முதல் ஆராய்ச்சியில் கோட்டை விட்டேன். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

1983-ல் நம் பகுதி நூற்பாலை ஒன்றில் ஆய்வு செய்தேன். பெண்கள் அடிக்கடி தாமதமாக வருகிறார்கள், ஏன் என்பது கேள்வி. அச்சடித்த கேள்வித்தாளைக் கொடுத்தேன். எல்லோரும் 'திருப்தி' என்றே குறித்தார்கள். அப்படியானால் குறை பொறுப்பின்மைதான் என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, டீக்கடை வாசலில் எங்கள் ஊர் அக்கா ஒருவர் பிடித்துக்கொண்டார். "தம்பி, மேஸ்திரி பக்கத்துல நிக்கிறப்ப வேற என்னத்த எழுதச் சொல்றீக? ஷிப்ட் 6 மணிக்கு. முதல் பஸ்ஸு வந்து சேரவே 6 தாண்டிருது. பஸ்ஸ நாங்களா ஓட்டுறோம்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த பஸ்ஸில் நானும் போயிருக்கிறேனே! மறுநாளே மேலாளரிடம் ஓடினேன். "நீங்க எழுதினதுதானே சார்" என்று என் அறிக்கையையே எடுத்துக் காட்டினார். அதற்குள் சிலருக்கு வேலை போயிருந்தது. அந்த அறிக்கைக்கு எனக்குப் பாராட்டுக் கிடைத்தது என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பிறகுதான் பழைய ஆய்வுகளை ஒழுங்காகப் படித்தேன். அமெரிக்காவில் சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928-ல் தொழிலாளர்களைப் பேட்டி காணத் தொடங்கினார்கள். முதலில் தயாரித்து வைத்த கேள்விகளைக் கேட்டார்கள், சரிப்படவில்லை. அவர்கள் மனம்போலப் பேசட்டும் என்று விட்ட பிறகே விஷயம் வந்தது.

நம் நாட்டிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1953-ல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு வந்தார். தானியங்கித் தறி போட்டும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. ஆள் சரியில்லை என்று அவர் எழுதவில்லை. வேலை 12 வகையாகச் சிதறிக் கிடந்ததைக் கவனித்தார். இத்தனை தறிக்கு இந்தச் சிறு குழு பொறுப்பு என்று வைக்கலாமே என்றார். தொழிலாளர்கள் தாங்களே குழு சேர்ந்துகொண்டார்கள். அதே ஆட்கள், அதே தறிகள். உற்பத்தி ஏறியது, சேதம் குறைந்தது. 1970-ல் எரிக் மில்லர் போய்ப் பார்த்தபோது ஒரு தறிக்கூடத்தில் அந்த முறை பெரும்பாலும் அப்படியே இருந்தது. மற்ற இடங்களில் தேய்ந்து போயிருந்தது. நல்ல ஏற்பாட்டையும் காப்பாற்ற ஆள் வேண்டும்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் முதல் வாரம் புத்தகம் கிடையாது. மாணவர்கள் விடியற்காலை ஏதாவதொரு மில் வாசலிலோ பஸ் நிலையத்திலோ நின்று பார்த்து வர வேண்டும். கேள்வித்தாள் அதற்கப்புறம்தான். "சார், குளிருது" என்று முனகியவர்கள் சிலர் இன்று பெரிய மேலாளர்களாக இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

அவர்களுக்கும், நாளை அந்த நாற்காலிகளில் அமரப்போகும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவரைப் பற்றி 'பொறுப்பில்லாதவர்' என்று கோப்பில் எழுதுமுன், மேஸ்திரி இல்லாத இடத்தில் அவரோடு ஒரு டீ குடியுங்கள். "உங்களுக்கு எது இடைஞ்சலா இருக்கு?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. என் அக்காமார் சிலர் அதற்கு விலை கொடுத்தார்கள்.