தேயிலைத் தூரும் உள்ளுறைப் பொருளும்

ஒரு பொருளைக் காட்டி, சொல்லாத வேறொன்றை உணரவைப்பது குறியீடு. கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டு எழும் இத்தகைய உத்தியைத் தொல்காப்பியர் உள்ளுறை உவமம் என்றார். மலையகத்தின் கருப்பொருள் தேயிலைச் செடி அல்லவா?

கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தோரில் பலர் வாந்திபேதியால் வழியிலேயே மாண்டனர். பின்னர் தேயிலை வந்தது. தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார் ஆசைகாட்டி ஆள்சேர்த்த கதையை மலையகத்தார் இன்றும் சொல்வர்.

சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கில நெடுங்கவிதை 1954இல் நூலாயிற்று. சக்தீ பால ஐயா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். அதில் தேயிலைக்கு அடியில் கிடப்பவர்கள் உழைத்து மடிந்த முன்னோர். அவர்களுக்கு நினைவுச் சின்னம் எதுவுமில்லை. கவிஞர் அவ்விடத்தில் வாதாடவில்லை. தூரடியைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

பழைய ஆசைவார்த்தையை அறிந்தவருக்கு அத்தூர் வஞ்சனையின் சாட்சி. அறியாதவருக்கு வெறும் செடி. குறியீடு பேசுவதற்குக் கேட்பவரின் நினைவும் வேண்டும். எனவே பாட்டன் பாட்டி சொன்ன கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். அவை மறைந்தால் இக்கவிதையும் பாதி ஊமையாகிவிடும்.