வீட்டுத் தோட்டத்தில் நண்பரும் பகைவரும்



வீட்டு வளவிலே ஒரு பயற்றைப் பந்தலும் இரண்டு பாத்தி கத்தரியும் வைத்திருப்போர் யாவரும் என்றோ ஒரு நாள் இக்காட்சியைக் காண நேரும். நேற்று வரை செழித்து நின்ற பயற்றைக் குருத்து இன்று சுருண்டு கிடக்கும். திருப்பிப் பார்த்தால், எள்ளை அள்ளி அப்பியது போலக் கரிய சிறு பூச்சிகள் மொய்த்திருக்கும். இவையே அழுக்கணவன் எனப்படுபவை. அசுவணி என்றும் சொல்வர். குருத்திலும் பிஞ்சிலும் ஊசி போன்ற வாயைக் குத்திச் சாற்றை உறிஞ்சுவதே இவற்றின் தொழில்.

பல ஆண்டுகளுக்கு முன் என் பந்தலிலும் இவை கண்டன. அக்கூட்டத்தின் நடுவே வேறொரு பிராணியும் ஊர்ந்து திரிந்தது. கரிய நீண்ட உடல், முதுகிலே மஞ்சட் புள்ளிகள், ஆறு கால்கள், முதலையொன்றை மிகச் சிறிதாக்கி வைத்தாற் போன்ற தோற்றம். உருவத்தைக் கண்டதுமே, அழிவுக்கெல்லாம் காரணம் இதுவே என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். கண்ணிற் பட்டவற்றையெல்லாம் பிடித்து நசுக்கினேன். ஒரு வாரத்தின் பின் பார்த்தால், குருத்து மட்டுமன்றிப் பிஞ்சுகளும் அழுக்கணவனால் கறுத்துப் போயிருந்தன.

அயலிலே நெடுங்காலம் கமஞ் செய்த முதியவர் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, கள்ளனை விட்டுவிட்டுக் காவற்காரனை அல்லவா அடித்திருக்கிறீர்!" என்றார். தப்பியிருந்த புழுவொன்றை, அழுக்கணவன் நிறைந்த குருத்தோடு கண்ணாடிப் போத்தலில் இட்டு, வாயைத் துணியாற் கட்டி என் கையிலே தந்தார். அப்புழு அழுக்கணவன்களை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தது. நாள்தோறும் புதுக் குருத்து வைக்க வேண்டியிருந்தது. பின்னர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாயிற்று. சில நாட்களில் அதனின்றும் வெளிவந்தது, செம்மஞ்சள் நிறத்திலே கரிய நெளிகோடுகள் தீட்டிய பொறிவண்டு! சிறுவர் உள்ளங்கையில் ஏற்றி விளையாடும் அதே வண்டு. வண்டை விரும்பிய நான் அதன் பிள்ளைகளைக் கொன்றிருந்தேன்.

ஆயினும், பொறிவண்டின் சாயலுடையன யாவும் நண்பரல்ல. கத்தரியிலும் பாகலிலும் காணப்படும் எபிலக்னா வண்டும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதன் உணவு பச்சை இலை. இரண்டையும் பிரித்தறிதல் கடினமன்று. நண்பனின் முதுகு மெருகிட்டது போலப் பளபளக்கும். எபிலக்னாவின் முதுகில் நுண்ணிய மயிர் படர்ந்திருப்பதால் அது மங்கித் தோன்றும்; அதிலே 28 வரையிலான கரும்புள்ளிகள் இருக்கும். அதன் புழு மஞ்சள் நிறமானது. உடலெங்கும் கிளைத்த முட்கள் கொண்டது. இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று, நரம்புகளை வலைபோல விட்டுச் செல்லும். ஆகவே வண்டைப் பார்ப்பதோடு நில்லாது, அது இருக்கும் இலையையும் பாருங்கள். இலை சல்லடையாகியிருந்தால் அங்கிருப்பது பகைவன்.

"இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மருந்தை அடித்தால் எல்லாம் ஒழியுமே" என்று சிலர் கேட்கலாம். எல்லாம் ஒழிவதுதான் தொல்லை. அழுக்கணவன் ஆண் துணையின்றியே குஞ்சுகளை ஈனும். அக்குஞ்சுகள் ஏறத்தாழ ஒரு வாரத்திலே தாமும் ஈனத் தொடங்கும். பொறிவண்டோ முட்டை, புழு, கூட்டுப்புழு என வளர்ந்து வண்டாவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். மருந்துக்குத் தப்பிய சில அழுக்கணவன்கள், காவல் இல்லாத தோட்டத்திலே முன்னிலும் விரைவாகப் பெருகும். பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தம் சுமக்கும் தேனீயும் அம்மருந்தால் மடிந்தால், பூ நிறைந்தும் காய் இராது.

இவ்வுண்மையை உலகம் பெருஞ்செலவில் கற்றது. கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்களை ஒருவகைச் செதிற்பூச்சி அழித்து வந்தபோது, அல்பேட் கோபெலே என்பார் 1888 இல் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று, அதனைத் தின்னும் பொறிவண்டைக் கண்டு அனுப்பினார். முதலில் வந்து சேர்ந்தவை 129 வண்டுகளே. அவற்றின் வழித்தோன்றல்கள் சில ஆண்டுகளுள் அத்தோட்டங்களைக் காத்தன. பின்னர் 1940களில் டி.டி.டி. தெளிக்கப்பட்ட இடங்களிலே வண்டு மடிந்தது. செதிற்பூச்சி மீண்டும் தலையெடுத்தது.

நம் நாட்டிலும் சான்றுண்டு. 2008 இல் பப்பாசி மரங்களைப் பஞ்சு போல மூடிய வெண்மூட்டுப்பூச்சியை நம்மிற் பலர் கண்டோம். 2009 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட, கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் சிறு குளவியே அதனை அடக்க உதவியது. அக்குளவி வெண்மூட்டுப்பூச்சியின் உடலுக்குள்ளே முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு அப்பூச்சியை உள்ளிருந்தே உண்ணும்.

இனி, நாம் செய்யத்தக்கவை சில. காலையிலே இலைகளின் கீழ்ப்புறத்தைப் பாருங்கள். அழுக்கணவன் சிறிதளவாயின், அந்த நுனியைக் கிள்ளி அழியுங்கள்; அல்லது தண்ணீரை விசையாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். எறும்பு ஏறுகின்றதா என நோக்குங்கள். அழுக்கணவன் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதனைப் பேணி, பொறிவண்டைத் துரத்தும். எபிலக்னா வண்டையும் அதன் மஞ்சள் முட்டைக் குவியலையும் கையாற் பொறுக்கிச் சவர்க்கார நீரில் இடுங்கள். ஆனால் பொறிவண்டின் முட்டையும் மஞ்சட் குவியலே. பக்கத்தில் அழுக்கணவன் இருந்தால் அம்முட்டையை விட்டுவிடுங்கள். கும்பிடுபூச்சியையும் சிலந்தியையும் அவற்றின் போக்கில் விடுங்கள். இவற்றாலும் அடங்காவிடின் வேப்பம்விதைச் சாற்றை, தேனீக்கள் திரும்பிய மாலை வேளையில், தாக்குண்ட செடிக்கு மட்டும் தெளியுங்கள்.

வீட்டுத் தோட்டத்து மரக்கறி, பறித்த அன்றே நம் பிள்ளைகளின் கோப்பைக்கு வருவது. அதிலே நஞ்சு தெளிக்குமுன் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்ப்பது பெரிய வேலையன்று. நான் நசுக்கிய அப்புழுக்கள் எனக்குக் கற்பித்தது இதுவே: இன்னதென்று அறியுமுன் எதனையும் கொல்லாதிருப்போமாக.