நம்ம ஊர்த் தண்ணி முகத்துவாரத்தில் என்ன செய்கிறது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "கால்வாயில கொட்டுற எச்சில் இலையும் சோறும் மழை வந்தா அடிச்சிட்டுப் போயிடுது. அப்புறம் நமக்கென்ன?" நியாயமான கேள்விதான். அது எங்கே போகுதுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

நம்ம பக்கத்து மழைத்தண்ணி துரிஞ்சலாற்றில் இறங்கி, தென்பெண்ணையில் சேர்ந்து, கடலூர் அருகே கடலுக்குப் போகிறது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டபோது, அந்தத் தண்ணி கடலூர் வரை வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை.

ஆறும் கடலும் சேரும் இடம்தான் முகத்துவாரம். அங்கே தண்ணி ஒரே பக்கமாக ஓடாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏறும்போது உப்புத்தண்ணி ஆற்றுக்குள் வரும். வற்றும்போது வெளியே ஓடும்.

அரிசி கழுவின தண்ணியைக் கலக்கினால் வெள்ளையாகும், சும்மா வைத்தால் அடியில் படியும் இல்லையா? அதேதான் அங்கேயும். ஓட்டம் வேகமானால் அடிச்சேறும் மக்கின தூளும் கிளம்பும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் தண்ணி நிற்கும்போது படியும். தேற்றாங்கொட்டை உரசினால் கலங்கல் திரண்டு இறங்குமே, அந்த வேலையைக் கடல் உப்பும் செய்யும். அதனால் ஆறு கொண்டுபோனதில் ஒரு பங்கு கடலுக்குப் போகாமல், முன்னும் பின்னும் அலைந்து அங்கேயே தங்கிவிடும்.

பௌர்ணமி என்றால் நமக்கு கிரிவலம், வியாபாரம். கடலோரத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றமும் வற்றமும் கூடும், சேறு அதிகம் கலங்கும். அஷ்டமி பக்கம் ஓட்டம் தணிந்து படியும்.

இந்த மக்கு கெட்டதா? இல்லை. சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில் சுரபுன்னை இலை விழுந்து மக்கி, வற்றத்தோடு வாய்க்கால் வழியே வருகிறது. இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும் மடவை மீனுக்கும் அது சாப்பாடு. அந்த மீனை விற்றுத்தான் நம்மைப் போன்ற பெண்கள் அங்கே குடும்பம் நடத்துறாங்க.

ஆனால் அளவு மீறினால் அதுவே வினை. அதிகக் கழிவு மக்கும்போது தண்ணியில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். சேறு கிளம்பும்போதெல்லாம் மறுபடியும் இழுக்கும். மீனுக்கு மூச்சு முட்டும். ஆற்றில் வரத்து குறைந்து மணல்திட்டு வாயை அடைத்துவிட்டால், கடல் ஏற்றமும் உள்ளே வராது. கழிவு அப்படியே தேங்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். கிரிவலப் பாதையில் இட்லி, சுண்டல் கடை போடும் குழுக்கள், மிச்சமான சோறு, மந்தாரை இலையைக் கால்வாயில் தள்ளாமல் குழியில் போட்டு உரமாக்குங்கள். பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். எத்தனை குழு குழி எடுத்தது என்று அடுத்த கூட்டத்தில் பதிவேட்டில் எழுதுவோம்.

அடிச்சிட்டுப் போனது தொலைந்து போகவில்லை அக்கா. இன்னொரு குழுவின் வலையில்தான் போய் நிற்கிறது.